பழைய காடியில் பட்டன் ஒட்டுகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கை வையுங்கள்

காடியில், அதாவது காரில், ஒட்டிக்கொண்ட டேஷ்போர்டு பட்டனுக்கு மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள்: "ஸ்பிரே அடிச்சு விடுங்கண்ணே." துருவுக்கு அடிக்கும் டப்பாவின் சிவப்புக் குழாயை இடுக்கில் விட்டு ஒரு அழுத்து அழுத்தினால் அன்றைக்குப் பட்டன் வழுக்கிக்கொண்டு போகும். அது உண்மைதான். அப்புறம் தோட்டத்துச் செம்மண் புழுதி அந்த எண்ணெயில் போய் அப்பும். லேசாக இறுகியிருந்த பட்டன் அசையவே மாட்டேன் என்று நிற்கும்.

பட்டன் ஒட்டக் காரணம் பல. மேல்பூச்சு இளகியிருக்கலாம். தே தாரிக் என்ற பால் தேநீர் கொட்டியிருக்கலாம். பூஜைச் சந்தனம் இடுக்கில் காய்ந்திருக்கலாம். உள்ளே இருக்கும் கம்பி தேய்ந்திருக்கலாம், செம்புத் தகடு பச்சை பூத்திருக்கலாம். ஒன்றுக்குத் தண்ணீர் போதும், இன்னொன்றுக்கு ஆல்கஹால் வேண்டும், வேறொன்றுக்கு மருந்தே கிடையாது, மாற்றத்தான் வேண்டும். எது என்று தெரியாமல் எதையும் அடிக்காதீர்கள்.

இங்கே சொல்வது 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா தொடங்கி, 1993-இல் வந்த வீரா, 1994-இல் வந்த பெரோடுவா கன்சில், 2000-இல் வந்த வாஜா வரைக்கும், அந்த வயதுள்ள ஜப்பானியக் காடிகளுக்கும் பொருந்தும். எல்பில், கமுனிங் தோட்டங்கள் பக்கம் இவை இன்னும் பேர் சொல்ல ஓடுகின்றன. பட்டனுக்குப் பதிலாகத் திரை வைத்த புதுக் காடிக்காரர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

கை வைக்கும் முன்

காடியை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, பட்டனை மூன்று விதமாகச் சோதியுங்கள். மேலே விரலை வைத்து எடுங்கள்: விரலில் பிசுபிசுப்பு வருகிறதா? அடுத்து, பட்டனை இடம் வலமாக லேசாக ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் உரசினால் சட்டம் வளைந்திருக்கிறது, எல்லாப் பக்கமும் இறுக்கமாக இருந்தால் இடுக்கில் ஏதோ அடைத்திருக்கிறது, தொளதொள என்று ஆடினால் பட்டனைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் காது உடைந்திருக்கிறது. கடைசியாக, மெதுவாக அழுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். 'டக்' என்று சத்தம் வருகிறதா, வராதா? பிறகு சாவியைப் போட்டு, பட்டன் செய்ய வேண்டிய வேலை நடக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பட்டனைக் கழற்ற வேண்டி வந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். ரேடியோவுக்கு ரகசிய எண் உண்டென்றால் அதை முதலில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பட்டன் சரியாகி ரேடியோ ஊமையாகிவிடும். ஸ்டீயரிங் நடுவிலோ டேஷ்போர்டிலோ 'எஸ்ஆர்எஸ்' என்ற எழுத்து இருந்தால் அங்கே காற்றுப்பை இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கியில் கொஞ்ச நேரம் மின்சாரம் நிற்கும். சில நிமிடம் பொறுத்திருங்கள். மஞ்சள் நிறச் சாக்கெட்டு கண்ணில் பட்டால் அதைத் தொடவே வேண்டாம், காற்றுப்பையின் ஒயருக்குத்தான் அந்த நிறம்.

தேவையான சாமான் அதிகமில்லை: 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மின் தகடுகளைக் கழுவும், பிளாஸ்டிக்குக்குக் கேடில்லாத கான்டேக்ட் கிளீனர், பழைய பல் பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சி, மாஸ்கிங் டேப், ஒரு சோதனை விளக்கு. ஃபார்மசியில் 70 விழுக்காடு ஆல்கஹாலும் கிடைக்கும். மேலே துடைக்க அது போதும், மீதி 30 விழுக்காடும் பெரும்பாலும் தண்ணீர் என்பதால் சுவிட்சின் வயிற்றுக்குள் அதை ஊற்றாதீர்கள்.

விரலில் ஒட்டுகிறது, ஆனால் பட்டன் ஒழுங்காக வேலை செய்கிறது

இது பட்டனின் கோளாறே இல்லை, அதன் சட்டையின் கோளாறு. தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் பல நிறுவனங்கள் பட்டன்கள் மேல் ரப்பர் போன்ற ஒரு பாலியூரித்தேன் பூச்சைப் பூசின. ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சின் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல அறுபடும். கை வியர்வையும் எண்ணெயும் அதை விரைவுபடுத்தும். குளிர் நாட்டில் பல ஆண்டு தாங்கும் பூச்சு, வருடம் முழுக்க புழுக்கமும் திறந்த வெயிலில் நிறுத்தும் பழக்கமும் உள்ள நம்மிடத்தில் எப்படித் தாங்கும்? அதனால்தான் ஐரோப்பியக் காடிகளைப் பழையதாக வாங்கி வருகிறவர்களிடம் இந்தப் புலம்பல் அதிகம். பழைய சாகாவிலும் கன்சிலிலும் பட்டன்கள் வெறும் கெட்டிப் பிளாஸ்டிக். அவற்றில் பிசுபிசுப்பு இருந்தால் அது பூச்சாக இருக்காது, யாரோ அடித்த டேஷ்போர்டு பாலிஷும் தூசியும் சேர்ந்த அழுக்காக இருக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

உண்மையிலேயே பூச்சு இளகியிருந்தால் அதைத் திரும்பக் கெட்டியாக்க வழி கிடையாது. எடுத்துவிட வேண்டியதுதான். மாவு பூசினால் ஒட்டாது என்று சிலர் குழந்தைப் பவுடரைத் தடவுகிறார்கள். அன்றைக்கு ஒட்டாது, சாம்பல் நிறத்தில் ஒரு தோல் மட்டும் மிஞ்சும்.

எடுக்கும் முறை இது. பட்டனைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஆல்கஹாலைத் துணியில் நனையுங்கள், பட்டன் மேல் ஊற்றாதீர்கள். கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் தேயுங்கள். துணியில் கறுப்பாக வரும். வந்துகொண்டே இருக்கும். துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். கீழே கெட்டிப் பிளாஸ்டிக் தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள்.

அந்த 'நிறுத்துங்கள்' எதற்கென்றால், இரவில் எழுத்து ஒளிரும் பட்டன்களில் அடியில் இருப்பது வெள்ளை அல்லது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். அதன் மேல் கறுப்புச் சாயம் அடித்து, எழுத்து வடிவில் மட்டும் சாயத்தை லேசரால் எடுத்திருப்பார்கள். அதற்கு மேல்தான் அந்த மெத்துப் பூச்சு. ஆர்வக்கோளாறில் கறுப்புச் சாயத்தையும் தேய்த்துவிட்டால் இரவில் பட்டன் முழுவதும் விளக்காக எரியும், எழுத்து இருக்காது. எழுத்து சாயமாக மேலே அச்சிட்டிருக்கிற வகை இன்னும் மோசம். முதல் துடைப்பிலேயே போய்விடும். அப்படிப்பட்ட பட்டனில் எழுத்தைச் சுற்றி மட்டும் பஞ்சுக் குச்சியால் எடுங்கள், அல்லது புதிய ஸ்டிக்கருக்குத் தயாராகுங்கள்.

தின்னர், அசிட்டோன், பெட்ரோல், பிரேக் கிளீனர் இவற்றில் எதையும் பக்கத்தில் கொண்டு வராதீர்கள். பூச்சோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். ஆல்கஹாலுக்கும் ஓர் எல்லை உண்டு. மீட்டருக்கு முன்னால் இருக்கும் தெளிந்த அக்ரிலிக் மூடியில் அது பட்டால் நுண்ணிய விரிசல் விடும். அங்கே ஈரத்துணி மட்டும்.

உள்ளே போகிறது, திரும்பி வர மனமில்லை

இதுதான் அதிகம் வரும் கேஸ். இடுக்கில் என்ன அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

இனிப்புப் பானம் கொட்டிய பட்டன் பகலில் வேலை செய்யும். ஏர்கோன் குளிர்ந்ததும் இறுகும், ஏனென்றால் சர்க்கரைப் பாகு குளிரில் கெட்டியாகிறது. கெட்டிப்பால் போட்ட தே தாரிக், சிராப் பண்டோங், ஐஸ் மைலோ எல்லாம் ஒரே சாதி. இதற்கு ஆல்கஹால் அடிப்பது வீண். சர்க்கரை ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, இன்னும் இறுகி உட்காரும். வெதுவெதுப்பான தண்ணீர்தான் மருந்து. பட்டனைக் கழற்றி, மூடியை மட்டும் தண்ணீரில் ஊற வைத்துப் பிரஷ்ஷால் தேயுங்கள். சுவிட்சின் உடலைத் தண்ணீரில் போடாமல், பிழிந்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, சர்க்கரை போன பிறகு 99 விழுக்காடு ஆல்கஹாலால் ஒருமுறை அலசிக் காய விடுங்கள். ஆல்கஹால் இங்கே ஈரத்தை இழுத்துக்கொண்டு போகத்தான். பாலில் உள்ள கொழுப்புக்கு ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிப்பு இருந்தால் எறும்பு இருக்கும். பட்டனைக் கழற்றியதும் உள்ளே மண் துகளும் வெள்ளை முட்டையும் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எறும்பு தகடுகளுக்கு இடையே நசுங்கினால் பட்டன் 'டக்' என்று சத்தம் போடும், வேலை மட்டும் நடக்காது. பூச்சி மருந்து ஸ்பிரேயை டேஷ்போர்டுக்குள் அடிக்காதீர்கள், அதில் உள்ள எண்ணெய்க் கரைப்பான் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். தூசி உறிஞ்சியால் இழுத்துவிட்டு, கூடு எங்கிருந்து வருகிறது என்று இருக்கைக்கு அடியில் தேடுங்கள். பெரும்பாலும் பிள்ளைகள் சிந்திய பிஸ்கட்தான்.

அடுத்தது நம்ம வீட்டுச் சமாச்சாரம். ஆயுத பூஜை முடிந்து வருகிற வாரங்களில் ஏர்கோன் பட்டனும், எல்லாச் சிக்னலையும் ஒன்றாக மின்ன வைக்கும் ஹசார்ட் பட்டனும் இறுகிப்போன காடிகள் வரும். ஸ்டீயரிங்குக்கு ஒரு பொட்டு, மீட்டருக்கு ஒரு பொட்டு என்று ஆரம்பித்து, பக்தி மிகுதியில் ஒவ்வொரு பட்டனுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுகிறார்கள். சந்தனம் ஈரமாக இருக்கும்போது இடுக்கில் இறங்கி, வெயிலில் சுண்ணாம்பாகக் காய்கிறது. இதை ஈரத்துணியால் துடைத்தால் குழம்பாகி இன்னும் உள்ளே போகும். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கூடவே உறிஞ்சியை வைத்து இழுங்கள். மிச்சத்துக்கு மட்டும் ஈரக் குச்சி. குங்குமச் சாயம் வெளிர் நிறப் பட்டனில் ஊறியிருந்தால் முழுதாகப் போகாது. விபூதி வெறும் தூள்தான், ஊதினால் பாதி போய்விடும். சாமி படத்துக்கு முன்னால் சொட்டிய எண்ணெய்தான் உண்மையான வில்லன். அது காலப்போக்கில் வார்னிஷ் மாதிரி இறுகும். அதற்கு ஆல்கஹாலும் பொறுமையும் வேண்டும். பொட்டு வைக்காதே என்று சொல்ல நான் யார்? பட்டனுக்கு வைக்காமல் பக்கத்துச் சட்டத்துக்கு வையுங்கள், சாமி கோபிக்காது.

செம்மண் புழுதி மட்டும் என்றால் எளிது. கழற்று, பிரஷ்ஷால் தட்டு, ஊது, துடை, முடிந்தது. ஆனால் ஏற்கெனவே யாரோ எண்ணெய் ஸ்பிரே அடித்திருந்தால் புழுதி குழம்பாக இருக்கும். முதலில் கான்டேக்ட் கிளீனரால் எண்ணெயைக் கழுவ வேண்டும். வாசனைத் திரவப் புட்டி கவிழ்ந்திருந்தால் பட்டனின் பிளாஸ்டிக்கே இளகி, பக்கத்துப் பட்டனோடு ஒட்டியிருக்கும். இதற்குத் துடைப்பு கிடையாது. மெல்லிய கத்தியால் பிரித்து, விளிம்பைப் பொடி மணல்தாளால் தேய்த்து ஓட்டலாம், அழகு பார்க்க முடியாது.

சுத்தம் செய்த பிறகு உராயும் பிளாஸ்டிக் பக்கங்களில் மட்டும், குண்டூசித் தலை அளவு சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். மின்சாரம் தொடும் தகட்டில் சிலிகோன் பட்டுவிடக் கூடாது. தகடு பிரியும்போது வரும் சிறு தீப்பொறியில் சிலிகோன் எரிந்து கண்ணாடி போன்ற மின்கடத்தாப் படிவமாகும். ஸ்பிரே வகைச் சிலிகோனை நான் உள்ளே விடுவதே இல்லை, எங்கே போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது.

அழுத்தினால் நிற்காமல் எகிறி வெளியே வருகிறது

பின்கண்ணாடி ஈரப்படலத்தைப் போக்கும் டெமிஸ்டர், பனி விளக்கு, ஏர்கோன் பட்டன்கள் பல காடிகளில் ஒருமுறை அழுத்தினால் உள்ளே நிற்கும், மறுமுறை அழுத்தினால் வெளியே வரும். உள்ளே இதய வடிவத்தில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். ஒரு மெல்லிய கம்பி அந்தப் பள்ளத்தில் சுற்றி வந்து நடுவில் கொக்கி போட்டு நிற்கும். பழைய கிரீஸ் காய்ந்து கட்டியானால் கம்பி பள்ளத்தின் முழு ஆழத்துக்கு இறங்காது, கொக்கி விழாது. காய்ந்த கிரீஸ் என்றால் ஆல்கஹாலால் கழுவி, பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் புதிய கிரீஸ் கொஞ்சமாக வைத்தால் பழையபடி நிற்கும். கம்பி வளைந்திருந்தால் மூக்குக் குறடால் மெல்ல நிமிர்த்தலாம். பள்ளத்தின் விளிம்பே தேய்ந்து உருண்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த வகைச் சுவிட்சைத் திறக்கும்போது ஒரு தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு கையையும் விட்டுத் திறங்கள். ஸ்பிரிங் எகிறினால் பைக்குள்ளேயே விழும். இல்லாவிட்டால் இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டு மாலை முழுவதும் தவழ வேண்டியதுதான். மூடியை எடுத்த நொடியே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

பட்டன் உள்ளே விழுந்துவிட்டது, அல்லது தொளதொளவென்று ஆடுகிறது

காது உடைந்திருக்கிறது. வெயிலும், பட்டனுக்குப் பின்னால் எரியும் குட்டி பல்பின் சூடும் சேர்ந்து பிளாஸ்டிக்கை மொறமொறப்பாக்கியிருக்கும். எபோக்சிப் பசையால் ஒட்டலாம். வேகமாகக் காயும் பசையை நான் விரும்புவதில்லை. அது தண்ணீர் மாதிரி ஓடி, அசைய வேண்டிய இடத்தையும் சேர்த்து ஒட்டிவிடும். போதாக்குறைக்கு அதன் ஆவி சுற்றியுள்ள கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படியும்.

பாதிக் காதுகள் அழுத்தியதால் உடைவதில்லை, சட்டத்தைக் கழற்றும்போதுதான் உடைகின்றன. காலையில் குளிர்ந்த பிளாஸ்டிக்கை நெம்பாதீர்கள். காடி கொஞ்ச நேரம் வெயிலில் நின்று கதகதப்பான பிறகு நெம்பினால் கிளிப்புகள் வளைந்து கொடுக்கும். ஸ்குரூ டிரைவர் முனையில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அசையவே இல்லையென்றால் அங்கே மறைவாக ஒரு ஸ்குரூ இருக்கிறது என்று அர்த்தம். ஆஷ்டிரேக்குப் பின்னால், ரேடியோவுக்கு மேல், சின்ன மூடிகளுக்கு அடியில் தேடுங்கள். சாக்கெட்டைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

'டக்' சத்தம் வருகிறது, வேலை நடக்கவில்லை

இங்கே பட்டன் ஒட்டவில்லை, மின்சாரம் போகவில்லை. பட்டனைக் கழற்றும் முன் ஃபியூஸைப் பாருங்கள். நல்ல ஃபியூஸும் பட்டனும் இருந்து வேலை நடக்காமல் போவதும் உண்டு. பட்டன் மேல் வீணாகப் பழி விழும் சில இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏர்கோன் பட்டனின் விளக்கு எரிகிறது, குளிர் வரவில்லை என்றால் பட்டன் தன் வேலையைச் செய்துவிட்டது. குளிரூட்டும் வாயு, அழுத்தச் சுவிட்சு, கம்ப்ரசர் ரிலே என்று வேறு பக்கம் தேடுங்கள். விளக்கே எரியவில்லை, ஆனால் காற்றாடியும் அணைந்திருக்கிறது என்றால் காற்றாடியைப் போட்டுவிட்டு மறுபடி அழுத்துங்கள். பல காடிகளில் காற்றாடிச் சுவிட்சு வழியாகத்தான் ஏர்கோன் பட்டனுக்கு மின்சாரம் வரும். காற்றாடி கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறது, மற்ற வேகங்களில் இல்லை என்றால் குமிழைத் திட்டாதீர்கள். காற்றாடிக்குப் பக்கத்தில் உள்ள ரெசிஸ்டர் கருகியிருக்கிறது, கடைசி வேகம் அதைத் தொடாமல் நேராகப் போவதால் அது மட்டும் பிழைத்திருக்கிறது.

ஹசார்ட் பட்டனின் குறும்பு இன்னும் வேடிக்கை. பழைய ஜப்பானிய வடிவமைப்புகள் பலவற்றில் இடது வலது சிக்னலுக்குப் போகும் மின்சாரம் ஹசார்ட் சுவிட்சின் அணைந்த நிலைத் தகட்டைக் கடந்துதான் போகும். அந்தத் தகடு அழுக்கேறினால் ஹசார்ட் அழகாக மின்னும், சிக்னல் மட்டும் செத்துக் கிடக்கும். ஆள் ஃபிளாஷர் ரிலேயை மாற்றுவார், பல்பை மாற்றுவார், ஸ்டீயரிங் தண்டில் உள்ள சிக்னல் கைப்பிடியையும் மாற்றிவிட்டு, "ஒயரிங்ல ஏதோ இருக்குண்ணே" என்பார். ஹசார்டை வேகமாகப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துப் பாருங்கள். சிக்னல் ஒரு கணம் உயிர் பெற்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். சிக்னல் இல்லாமல் ஈப்போ நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள், இந்த ஒரு பட்டனைத் தள்ளிப் போட வேண்டாம்.

பட்டன்தான் என்று உறுதியானால் சோதனை விளக்கை எடுங்கள். இதற்கு மட்டும் பேட்டரி இணைப்பில் இருக்க வேண்டும், சாவியும் போட்டிருக்க வேண்டும். பல பட்டன்கள் 12 வோல்ட்டை உள்ளே வாங்கி வெளியே விடும். உள்ளே வரும் முனையில் விளக்கு எரிந்து, அழுத்திய பிறகு வெளியே போகும் முனையில் எரியாவிட்டால் தகடு கெட்டிருக்கிறது. சில பட்டன்கள் எர்த்தை இணைப்பவை. அவற்றுக்கு விளக்கின் கிளிப்பைப் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம் மாட்டிச் சோதியுங்கள்.

தோட்டத்துக் காடிகளின் தகடுகள் டவுன் காடிகளைவிடச் சீக்கிரம் பச்சை பூக்கின்றன. காரணம் காடிக்குள் ஏறும் சாமான். கித்தாப் பால், அதாவது ரப்பர் பால், உறையாமல் இருக்க அம்மோனியா விடுகிறார்கள், உறைய வைக்க பார்மிக் அமிலம் ஊற்றுகிறார்கள். உறைந்த ஒட்டுப்பாலைக் காடியின் பின்பக்கச் சாமான் அறையில் போட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்தால் அந்த ஆவியெல்லாம் உள்ளேதான் சுற்றும். அம்மோனியாவும் அமிலமும் செம்பையும் பித்தளையையும் தின்னும். செம்பனைக்குப் போடும் உரத்தில் உள்ள பொட்டாசியம் குளோரைடும் அம்மோனியம் சல்பேட்டும் உப்புகள். உரம் தொட்ட கையால் பட்டனை அழுத்தினாலே போதும், தூள் இடுக்கில் இறங்கி, ஈரத்தை இழுத்து, தகட்டில் பச்சையும் நீலமுமாகப் பூக்கும். சாமானைப் பிக்கப்பில் ஏற்றுங்கள் என்று சொல்வது சுலபம், எல்லாரிடமும் பிக்கப்பா இருக்கிறது? மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டிரம்மும், திறந்த கண்ணாடியும், பட்டன் தொடும் முன் துடைத்த கையும் போதும்.

பூத்த தகட்டைக் கான்டேக்ட் கிளீனரால் நனைத்து, விறைப்பான அட்டைத் துண்டை இடையே விட்டு இழுங்கள். பென்சில் அழிப்பானும் நல்லது. மணல்தாளால் தேய்க்காதீர்கள். தகட்டின் மேல் உள்ள மெல்லிய முலாம் போனால் அடுத்த மழைக்காலத்தில் இன்னும் வேகமாகப் பூக்கும். ரேடியோ போன்றவற்றில் தகட்டுக்குப் பதிலாக ரப்பர் குமிழின் அடியில் கறுப்புக் கார்பன் பொட்டு இருக்கும். அதை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒருமுறை ஒற்றி எடுப்பதோடு விட்டுவிட வேண்டும், சுரண்டினால் கார்பனே வந்துவிடும்.

சாக்கெட்டு பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகிய வாடை அடித்தால் சுத்தம் செய்து திரும்ப மாட்டாதீர்கள். தளர்ந்த இணைப்பு சூடாகியிருக்கிறது. சாக்கெட்டையும் சுவிட்சையும் சேர்த்து மாற்ற வேண்டும். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்கும் யோசனை வந்தால், ஃபியூஸ் காப்பது ஒயரை என்பதை நினைவில் வையுங்கள்.

வெயிலில் மட்டும், அல்லது மழைநாள் காலையில் மட்டும்

வெயிலில் நின்ற பிறகு மட்டும் இறுகி, ஏர்கோன் ஓடியதும் இளகினால் சட்டம் வளைந்து பட்டனை நெருக்குகிறது. உரசும் பக்கம் பளபளப்பாகத் தேய்ந்திருக்கும். அந்த இடத்தில் மட்டும் பொடி மணல்தாளால் இரண்டு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது. பல நேரம் ஸ்குரூவை அளவுக்கு மீறி முறுக்கியதுதான் காரணம், அரைச்சுற்று தளர்த்திப் பாருங்கள்.

மழைநாளில் மட்டும் கோளாறு என்றால் பட்டனை விடுங்கள், தண்ணீர் எங்கே வருகிறது என்று பாருங்கள். முன்கண்ணாடி ரப்பர் வெடித்திருக்கலாம், அல்லது வைப்பருக்கு அடியில் உள்ள வடிகால் காய்ந்த இலையால் அடைத்திருக்கலாம். கால் மிதிக்கும் கம்பளத்தைத் தூக்கி அடியில் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் பட்டனைச் சுத்தம் செய்து பயனில்லை, அடுத்த மழைக்குத் திரும்பவும் நிற்கும்.

எப்போது பட்டறைக்குப் போக வேண்டும்

ஸ்டீயரிங் மேல் உள்ள பட்டன்கள் ஒட்டினால் மேல்பக்கத்தைத் துடைப்பதோடு நிறுத்துங்கள். அதற்குப் பின்னால் காற்றுப்பை உட்கார்ந்திருக்கிறது. ஹார்ன் பட்டன் சில கோணத்தில் மட்டும் வேலை செய்தால் பல காடிகளில் கோளாறு பட்டனில் இருக்காது, ஸ்டீயரிங்கோடு சுற்றும் சுருள் ஒயரில் இருக்கும். அதையும் தெரிந்தவரிடம் விடுங்கள். டேஷ்போர்டில் காற்றுப்பை விளக்கு அணையாமல் எரிந்தாலும் அப்படித்தான்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் ஈப்போவில் ஹாஃப்கட், அதாவது வெட்டிக் கொண்டுவந்த பழைய காடிகளின், சாமான் விற்கும் கடைகளில் பழைய சுவிட்சு கிடைக்கும். "வீராவோட ஹசார்ட் சுவிட்சு" என்று வாயால் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு சாக்கெட்டு மாறும். பழையதைக் கையில் கொண்டு போய், முகத்தை விட்டுவிட்டு முதுகைப் பாருங்கள்: எத்தனை முனை, எந்த வரிசை, சாக்கெட்டின் வடிவம் என்ன. முகம் ஒத்து முதுகு ஒவ்வாவிட்டால் வாங்கிப் பயனில்லை. முதுகு ஒத்து முகத்தில் எழுத்து மட்டும் அழிந்திருந்தால் உங்கள் பழைய மூடியை அதில் மாட்டிக்கொள்ளலாம். காசு கொடுக்கும் முன் கடையிலேயே பலமுறை அழுத்திப் பாருங்கள், கடை முதலாளித் தவுக்கே முறைத்தாலும் பரவாயில்லை. முனைகளில் பச்சை இருந்தால் வேறொன்று கேளுங்கள்.